சுண்டிக்குளத்து நீளமூக்குப் பறவை: புதுப்பிப்பு

போன கிழமை, இலங்கையின் வடக்கே உள்ள சுண்டிக்குளத்தில் எடுத்த படத்தைப் போட்டு, சேற்றில் நிற்கும் நீளமூக்குக் கரைப்பறவை கருவால் மூக்கனா (Black-tailed Godwit) பட்டைவால் மூக்கனா (Bar-tailed Godwit) என்று கேட்டிருந்தேன். பதில்கள் இரண்டு பக்கமும் வந்தன. நிற்கும்போது, அதுவும் குளிர்காலச் சாம்பல் நிறத்தில், இரண்டையும் பிரிப்பது கஷ்டம்தான்.

இப்போது விடை கிடைத்துவிட்டது. மருதங்கேணிப் பக்கத்தால் திரும்பவும் போனேன். பருந்து ஒன்று தாழப் பறக்க, கூட்டம் முழுக்க எழும்பியது. இறக்கையில் அகலமான வெள்ளைக் கோடு, வெள்ளைப் பிட்டம், வால் நுனியில் கறுப்புப் பட்டை, வாலைத் தாண்டி நீட்டிய கால்கள். கருவால் மூக்கனேதான்! பட்டைவாலுக்கு அந்த வெள்ளைக் கோடு இராது. வாலில் மெல்லிய வரிகள் இருக்கும், காலும் கொஞ்சம்தான் வெளியே தெரியும். அலகு மேல்நோக்கி வளைந்திருக்கிறது, அதனால் பட்டைவால் என்று சிலர் சொன்னீர்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம், கருவாலின் அலகும் சில கோணங்களில் அப்படித் தோன்றும். முதுகைப் பாருங்கள்: பட்டைவாலுக்குக் கோடுகோடாக இருக்கும், இதற்கு ஒரே சாம்பல்.

1938 இல் சரணாலயமாகி, 2015 இல் தேசிய பூங்காவான இடம் சுண்டிக்குளம். வட ஆசியாவிலிருந்து வரும் பறவைகள் இங்கே இரை தேடித்தான் திரும்பிப் பறக்க உடம்பு தேற்றுகின்றன. படத்துக்காகத் தயவுசெய்து கூட்டத்தைக் கலைக்காதீர்கள். பொறுமையாக இருந்தால் அவை தானாகவே எழும்பும்.

அப்புறம், அதே படத்தின் ஓரத்தில் நின்ற சின்ன உள்ளான்களை (சிறு கரைப்பறவைகளை) பற்றிக் கேட்ட தம்பிக்கு: தெளிவான படங்கள் இருக்கின்றன, இன்று பின்னேரம் போடுகிறேன்.