விமானப் பதிவெண்ணை மாற்றாமல் வைத்துக்கொள்ள முடியுமா? அவசரம்

மதுரைப்பறவை:
செஸ்னா 172 வாங்கியிருக்கிறோம். அடுத்த வாரம் பெயின்ட் வேலை. பழைய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு முன்னால் இருக்கும் எழுத்தை மட்டும் மாற்றினால் போதுமா? கூட்டினால் 9 வருகிறது, விட மனசில்லை. முடியாதென்றால் தாத்தா பாண்டியன் நினைவாக 'பி.ஏ.என்.' வாங்கலாம் என்கிறார் அண்ணன்.

ஹேங்கர்செல்வி:
எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்கு? பழைய பதிவை ரத்து செய்தாச்சா?

கொழும்பான்:
எங்கட இலங்கைப் பக்கம் என்றால் முன்னெழுத்து 4ஆர். நீங்கள் எந்த நாடு?

மதுரைப்பறவை:
மன்னிக்கவும், அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு. ரத்து இன்னும் செய்யவில்லை.

ஓடுபாதை27:
இதைக்கூடப் படிக்காமலா விமானம் வாங்கினீர்கள்? சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கை, 18-ஆவது பிரிவு: ஒரு விமானம் ஒரே நேரத்தில் இரண்டு நாட்டில் பதிவாகி இருக்க முடியாது. முதலில் ரத்து. இந்தியாவின் முன்னெழுத்தான வி.டி.க்குப் பின்னால் மூன்று எழுத்துதான், இலக்கமே கிடையாது. பி.ஏ.என். கேட்கவே கேட்காதீர்கள். 'பான்-பான்' அவசர அழைப்போடு குழம்பும் என்பதால் அதே உடன்படிக்கையின் 7-ஆவது இணைப்பு அதைத் தவிர்க்கச் சொல்கிறது. எஸ்.ஓ.எஸ்., கியூவில் தொடங்கும் மூன்றெழுத்துகளும் அப்படித்தான்.

வான்மதி:
'வி.டி.' என்பதே 'வைஸ்ராய் டெரிட்டரி'. அந்த அடிமைச் சின்னத்தைப் பாண்டியன் தாத்தா பெயருக்கு முன்னால் எழுதத்தான் வேண்டுமா?

ஓடுபாதை27:
தவறு. 1927 வாஷிங்டன் ரேடியோ மாநாட்டில் வி.டி.ஏ. முதல் வி.டபிள்யூ.இசட். வரை அழைப்புக்குறிகள் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டன. அதிலிருந்து எடுத்ததுதான் வி.டி. அதற்கு முன் 'ஜி-ஐ' என்று இருந்தது.

வான்மதி:
ஒதுக்கியது யார் ஆட்சியில்? பாகிஸ்தான் ஏ.பி. வாங்கிக்கொண்டது. இலங்கையும் பழையதை விட்டது. நாம் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

ஹேங்கர்செல்வி:
பாரத்துக்கு 'பி' கேட்டால் அது சீனாவிடம் இருக்கிறது, 'ஐ' இத்தாலியிடம். 1932-இல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து தபால் கொண்டுவந்த 'புஸ் மாத்' விமானம், வி.டி.-ஏ.டி.என். எனக்கு அதைப் பார்த்தால் பெருமைதான். சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். சான்றிதழ் கைக்கு வரும் முன் பெயின்ட் அடிக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் நம்பி எழுதிவிட்டு, வேறு எழுத்துகள் வந்து, மொத்தமும் சுரண்டி எடுத்தார். இறக்கையின் அடியில் 50 சென்டிமீட்டர், உடலில் 30 சென்டிமீட்டர் உயரம்; அழித்து எழுதுவது சின்ன வேலையில்லை. அப்புறம் ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரின் 24 பிட் முகவரியும் மாறும். அமெரிக்காவில் அது 'ஏ'வில் தொடங்கும், இங்கே 8-இல். அவசரகால இருப்பிடக் கருவியின் குறியீட்டையும் மாற்ற வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். தேடுதல் குழு தவறான நாட்டில் விசாரித்துக்கொண்டிருக்கும்.

எண்ஜோதி:
9 வேண்டுமென்றால் எழுத்திலும் வரவைக்கலாம். எண்கணிதத்தில் வி 6, டி 4, சேர்த்து 10. மீதி 17 வர வேண்டும். தாத்தாவின் ஊர், இனிஷியல் என்ன?

மதுரைப்பறவை:
வாடிப்பட்டி ச. பாண்டியன்.

எண்ஜோதி:
வி 6, எஸ் 3, பி 8. பதினேழு! வி.எஸ்.பி. மொத்தம் 27, கூட்டினால் 9.

ஓடுபாதை27:
எண்கணிதம் எனக்கு வேண்டாம். ஆனால் வி.எஸ்.பி.யில் விதிமீறல் எதுவும் இல்லை. காலியாக இருக்கிறதா என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.விடம் கேளுங்கள், மாற்றாக இரண்டு விருப்பமும் எழுதுங்கள்.

மதுரைப்பறவை:
பெயின்ட் நிறுத்தியாச்சு. ரத்து விண்ணப்பம் போயிருக்கிறது. வி.எஸ்.பி. முதல் விருப்பம். செல்வி அக்காவுக்கு நன்றி, அந்தக் கருவியை நாங்கள் யாருமே நினைக்கவில்லை.