புதுப்பிப்பு: தனியாக வாசிக்கத் தொடங்கிவிட்டேன்

கச்சேரிக் குழுவை விட்டுத் தனியே வயலின் வாசிக்கலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். விலகிவிட்டேன். வருமானம் குறைவுதான், வகுப்புகள் கைகொடுக்கின்றன.

இப்போது என்னை முழுதாக ஆட்கொண்டிருப்பது சம்பந்தரின் திருக்கோணமலைப் பதிகம். அதன் பண், அதாவது பழந்தமிழ் இராகம், புறநீர்மை; இன்று பூபாளத்தில் பாடுகிறார்கள். அது விடியற்கால இராகம். அதனால் கிழக்கு வெளுக்குமுன் திருகோணமலையின் டச்சு விரிகுடாக் கரையில் உட்கார்ந்துவிடுகிறேன். உப்புக்காற்றில் பிரடை (கம்பியை முறுக்கும் மர ஆணி) இறுகிவிடுகிறது, கம்பியைத் துடைத்துத் துடைத்தே வாசிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் மத்திமமும் நிஷாதமும் இல்லாத அந்த ஐந்து சுவரங்களில், காந்தாரத்திலிருந்து ரிஷபத்துக்கு வில்லை மெல்ல இழுக்கும்போது, குழுவில் ஒருநாளும் கேட்காத என் சொந்த நாதம் கேட்கிறது.

நேற்று வலை இழுத்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர், “தம்பி, அதைத் திரும்ப வாசியுங்கோ” என்றார். வாசித்தேன்.