கடை, ஆபீஸ் மின்வேலை: நீங்கள் பட்டதைச் சொல்லுங்கள்

ஈரோடு, ஜவுளிக்கடை:

ஆடித் தள்ளுபடி நேரம், சாயங்காலக் கூட்டம். திடீரென்று கீழ்த்தளத்தில் விளக்கெல்லாம் மங்கிவிட்டது. மாடியிலோ கண் கூசுகிற அளவுக்கு எரிந்தது. பில் போடும் கம்ப்யூட்டர்கள், ஏசி போர்டு, கேமரா பெட்டி எல்லாம் போயின. கரன்ட் கூடினால் தானாக வெட்டும் சுவிட்சான எம்சிபி ஒன்றுகூட விழவில்லை.

மெயினை இறக்கிவிட்டு வயர்மேன் பேனலைத் திறந்ததும் கருகல் வாடை. மின்சாரம் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பியின் நுனியில் மாட்டும் லக் கருநீலமாகிக் கிடந்தது, மேலே சுற்றிய டேப் உருகிப் பிசினாக ஒட்டியிருந்தது. போல்ட்டை விரலாலேயே திருப்ப முடிந்தது. அலுமினிய கேபிளைச் சாதாரண லக் போட்டு, பேனலுக்குள் கரன்ட்டைப் பிரித்துத் தரும் செம்புப் பட்டையான பஸ்பாரில் மாட்டியிருக்கிறார்கள். இரண்டு உலோகமும் நேராகத் தொட்டால் அரித்து இணைப்பு லூசாகிவிடும். இந்த மாதிரி இடத்துக்கென்றே ஒரு பக்கம் அலுமினியம், ஒரு பக்கம் செம்பு உள்ள பைமெட்டாலிக் லக் கிடைக்கிறது. எரிந்த ஏசி போர்டோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை. பேனல் செய்து கொடுத்தவர்கள் அதில் போய் மிச்சம் பிடித்திருக்கிறார்களே என்று இப்போதும் வயிறு எரிகிறது.

கோவை, மின் ஒப்பந்ததாரர்:

நியூட்ரல் விட்டுப்போனால் இப்படித்தான் ஆகுங்க. கட்டடத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் மூன்று கம்பிகளான ஃபேஸுகளுக்கு நடுவே இருக்கிற 415 வோல்ட்டை அவற்றிலுள்ள லோடுகள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். லோடு குறைவான ஃபேஸில் வோல்ட்டேஜ் ஏறும், அதிகமானதில் இறங்கும். கரன்ட் கூடினால்தான் எம்சிபி விழும், வோல்ட்டேஜ் கூடினால் அது சும்மாதான் இருக்கும். அதற்கு, வோல்ட்டேஜ் ஏறினால் வெட்டிவிடும் ஓவர் வோல்ட்டேஜ் ரிலே தனியாகப் போட வேண்டும்.

இன்னொன்று. உங்கள் கேபிள் மூன்றரை கோரா என்று பாருங்கள் (கோர் என்றால் கேபிளுக்குள் ஓடும் கம்பி). அதில் நியூட்ரல் மற்ற கம்பிகளில் ஏறக்குறைய பாதிதான். எல்இடி, கம்ப்யூட்டர், யுபிஎஸ் நிறைந்த கட்டடத்தில் மூன்று ஃபேஸையும் சமமாகப் பிரித்தாலும் நியூட்ரல் சூடாகும். அவை இழுக்கும் 150 ஹெர்ட்ஸ் கரன்ட் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளாமல் நியூட்ரலில் வந்து கூடிவிடும். புதிதாகக் கேபிள் இழுப்பதாக இருந்தால் நாலு கோரே கேளுங்கள்.

மதுரை, ரத்தப் பரிசோதனை லேப்:

எங்களுக்கு வேறு மாதிரி. மழை பெய்தால், கரன்ட் கசிந்தால் வெட்டும் கருவியான ஈஎல்சிபி விழும், வெயில் அடித்தால் நிற்கும். முதலில் வந்தவர், "ஈஎல்சிபி வீக்காயிருச்சு சார்" என்று அதைக் கழற்றி நேரடியாக இணைத்துவிட்டார். நாள் முழுக்க ஈரக் கையோடு மெஷினைத் தொடுகிற இடம் இது. வெறும் 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே வெட்டிவிட வேண்டும் என்று வைத்திருக்கிற கருவியை எடுத்துவிட்டு எப்படி வேலை செய்யச் சொல்வது? மனசு ஒப்பவில்லை. வேறொருவரைக் கூப்பிட்டேன்.

அவர், வயரின் காப்பு சரியாக இருக்கிறதா என்று அளக்கும் மெக்கரோடு வந்தார். ஒவ்வொரு லைனாக ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கழற்றி, எர்த்துக்கு எதிரே 500 வோல்ட் கொடுத்துப் பார்த்தார். மற்ற எல்லா லைனும் 100 மெகாஓமுக்கு மேல், அதாவது கசிவு இல்லை. வாசல் பெயர்ப்பலகை லைனில் மட்டும் முள் பூஜ்யத்தை விட்டு எழவே இல்லை. ஏணி போட்டு ஏறினால், பலகைக்குப் பின்னால் வெறும் டேப் சுற்றிய ஜாயின்ட், அதன்மேல் சன்ஷேடிலிருந்து சொட்டுகிற தண்ணீர். தண்ணீர் புகாத பெட்டியும், கேபிள் நுழையும் துளையை இறுக்கி அடைக்கும் கிளாண்டும் போட்டு, ஈஎல்சிபியைத் திரும்ப மாட்டினார். இந்த ஐப்பசி மழையில் ஒருமுறைகூட விழவில்லை.

திருச்சி, டியூஷன் சென்டர்:

எங்கள் வகுப்பறை ஏசி லைனில் 20 ஆம்பியர் எம்சிபி அடிக்கடி விழுகிறது. 32 போட்டால் சரியாகிவிடும் என்கிறார் வயர்மேன். போடலாமா?

கோவை, மின் ஒப்பந்ததாரர்:

வேண்டாங்க. எம்சிபி காப்பாற்றுவது வயரை. குழாய்க்குள் போகிற 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் சுமார் 20 ஆம்பியர்தான் தாங்கும். 32 போட்டால் எம்சிபி விழாது, சுவருக்குள் வயர் வெந்துகொண்டிருக்கும். முதலில் கிளாம்ப் மீட்டர் வைத்து, ஏசி ஓடும்போது எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். ஒரே லைனில் இரண்டு ஏசி இருந்தால் பிரித்துத் தனி லைன் இழுக்க வேண்டும். கரன்ட் சரியாகவே இருந்தால் எம்சிபியின் ஸ்க்ரூ லூசா என்று பாருங்கள், அந்தச் சூட்டிலேயே விழும்.

ஈரோடு, ஜவுளிக்கடை:

தம்பி, வேலை முடிந்ததும் ஒவ்வொரு லைனின் மெக்கர் ரீடிங்கையும் எர்த் ரீடிங்கையும் எழுதி வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். இப்போது எங்கள் கடையில் கூட்ட நேரத்திலேயே தெர்மல் கேமரா வைத்துப் பேனலைப் பார்க்கச் சொல்கிறோம். லோடு ஓடும்போதுதான் லூஸ் ஜாயின்ட்டின் சூடு அதில் தெரியும்.