கிணற்றில் கிடைத்த பழைய காசுகளை வேலூர் மியூசியத்தில் கொடுத்தால் என்ன செய்வார்கள்?

அணைக்கட்டுக்காரன்
வணக்கம். சித்தப்பா நிலத்தில் கிணற்றை ஆழப்படுத்தும்போது ஒரு சின்ன மண்கலயம் உடைந்து செப்புக் காசுகள் கிடைத்தன. கொஞ்சம் தனித்தனியாக இருக்கின்றன, மீதி பச்சைக் களிம்பேறி ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஏரிக்கரையில் ஒரு நடுகல்லும் (இறந்த வீரனின் நினைவாக நட்ட கல்) உண்டு, வேடியப்பன் என்று வருடா வருடம் பொங்கல் வைக்கிறோம். எல்லாவற்றையும் கோட்டை மியூசியத்தில் கொடுத்துவிடலாம் என்கிறார் பஞ்சாயத்தில் ஒருவர். கொடுத்தால் மூட்டை கட்டி உள்ளே போட்டுவிடுவார்கள், நம் பிள்ளைகள் கண்ணால்கூடப் பார்க்க முடியாது என்கிறார்கள் பெரியவர்கள். வாங்கி வைப்பதோடு அவர்கள் வேலை முடிந்துவிடுமா?

பதிவேடு
முதலில் ஒன்று, யாரும் அந்தக் காசுகளைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். களிம்போடு சேர்ந்து எழுத்தும் உருவமும் போய்விடும். கட்டியையும் உடைக்காதீர்கள், கலயத்தின் ஓடுகளையும் எடுத்து வையுங்கள், காலம் கணிக்க அவையும் உதவும்.

அப்புறம், காசுகள் விஷயத்தில் கொடுக்கலாமா வேண்டாமா என்று ஊர் கூடி முடிவு செய்ய இடமே இல்லை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விஏஓ, தாசில்தார் வழியாகப் போவதுதான் வழக்கம். மறைத்தால் கண்டெடுத்தவரின் பங்கு போய்விடும், சிறைத்தண்டனைக்கும் இடம் உண்டு. முறைப்படி சொல்லி அரசு எடுத்துக்கொண்டால், பொருளின் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. சென்னை எழும்பூர் அரசு மியூசியத்தில் இருக்கும் செப்புத் திருமேனிகளில் பெரும்பகுதி இப்படிப் புதையலாக வந்தவைதான்.

உள்ளே போன பிறகு அவர்கள் செய்ய வேண்டியது நிறைய. பொருளுக்கு எண் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றுவது, எந்த ஊர், எந்த நிலம், எத்தனை அடி ஆழம் என்று எழுதி வைப்பது, களிம்பு மேலும் அரிக்காமல் வேதிமுறையில் நிறுத்துவது (எழும்பூரில் இதற்கென்று 1930களிலேயே ஆய்வுக்கூடம் வந்துவிட்டது), ஆராய வருபவருக்கு எடுத்துக் காட்டுவது எல்லாம் சேர்ந்ததுதான் மியூசியம். கண்ணாடிப் பெட்டி அதில் ஒரு பகுதி. உலகத்தில் எந்த மியூசியமும் கையில் இருப்பது எல்லாவற்றையும் காட்சிக்கு வைப்பதில்லை.

குடியாத்தம் வாத்தியார்
நடுகல்லைத் தொடாதீர்கள்! கும்பிடுகிற கல்லைப் பெயர்த்துக்கொண்டு போய் வைத்தால் அது எந்த ஏரிக்கரையில், யாருக்காக நின்றது என்பதே அறுந்துபோகும். நம் வட ஆற்காட்டுப் பக்கம் இந்தக் கற்கள் நிறைய. செங்கம் வட்டாரக் கற்களை 1970களின் தொடக்கத்தில் மாநிலத் தொல்லியல் துறை ஊர் ஊராகப் படித்து நூலாகவே போட்டது. எழுத்து இருந்தால் எண்ணெய் பூசும் முன் சாய்வெயிலில் போட்டோ எடுத்து அந்தத் துறைக்கு அனுப்புங்கள், எழுத்தைத் தாளில் ஒற்றிப் படியெடுக்கக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, கோட்டைக்குள் மியூசியம் இரண்டு. ஒன்று மாநில அரசின் அருங்காட்சியகங்கள் துறையுடையது, மற்றது கோட்டையைப் பராமரிக்கும் மத்தியத் தொல்லியல் துறையுடையது. நீங்கள் பார்க்க வேண்டியது மாநில அரசு மியூசியத்தின் காப்பாட்சியரை (கியூரேட்டர்).

அணைக்கட்டுக்காரன்
ரொம்ப நன்றி. சரி, காசுகளைக் கொடுத்த பிறகு பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டச் சொல்ல முடியுமா?

பதிவேடு
தாராளமாகக் கேளுங்கள், பொதுமக்கள் பணத்தில் நடக்கிற இடம். பெரியவர்கள் பயமும் நியாயம்தான், கொடுத்தவரிடம் ஒரு சீட்டுகூட இல்லாமல் போகும்போதுதான் பொருள் எங்கே என்று யாருக்கும் தெரியாமல் போகிறது. அதனால் ஒப்படைக்கும்போதே ஒவ்வொரு காசையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து, எடை போட்டு, ஊர்ப் பெயரோடு ஒப்புகை வாங்குங்கள். மியூசியத்தில் பதிவானதும் அந்த எண்ணைக் கேட்டு ஊர்ப் பள்ளியிலும் எழுதி வையுங்கள். பள்ளித் தலைமையாசிரியர் அந்த எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தால், எடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்பது எளிது.