சுங்கவரியைக் குறைத்தது நிபுணரா, நெருக்கடியா?

கணக்கன்:
1990-91இல் இந்தியாவின் உச்ச சுங்கவரி, அதாவது இறக்குமதிக்குப் போட்ட அதிகபட்ச வரி, 300 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 1995 பட்ஜெட்டில் அது 50 ஆகிவிட்டது. இதில் பெரும்பங்கு வரிச் சீர்திருத்தத்துக்காக அரசு அமைத்த ராஜா செல்லையா குழுவுக்குத்தான் என்பது என் கட்சி. 1991 ஆகஸ்டில் குழு அமைந்தது, டிசம்பரில் இடைக்கால அறிக்கை தந்தது, அடுத்த பட்ஜெட்டிலேயே உச்சவரி 150இலிருந்து 110க்கு இறங்கியது. இவ்வளவு சீக்கிரம் எந்தக் குழுவின் பேச்சு எடுபட்டிருக்கிறது?

வடகரையான்:
300ஐ 150 ஆக்கியது யார்? 1991 ஜூலை 24ஆம் தேதி நிதியமைச்சர் மன்மோகன் சிங் போட்ட பட்ஜெட். அப்போது செல்லையா குழுவே கிடையாது. இரண்டு, மூன்று வார இறக்குமதிக்குக்கூடத் தேறாத டாலர் கையிருப்புதான் இருந்தது. ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை இங்கிலாந்துக்கு அனுப்பிக் கடன் வாங்கிய மாதம் அது. இறக்குமதித் தடைகளைத் தளர்த்த வேண்டும் என்று பொருளாதார நிபுணர்கள் ஜகதீஷ் பகவதியும் பத்மா தேசாயும் 1970லேயே எழுதிவிட்டார்கள். இருபது வருஷம் யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

கணக்கன்:
கேட்கவில்லை, சரி. ஆனால் 1994 வாக்கில் கையிருப்பு நன்றாகத் தேறிவிட்டது. நெருக்கடிதான் காரணம் என்றால் வரிக்குறைப்பு அங்கேயே நின்றிருக்க வேண்டுமே? 85, 65, 50 என்று இறங்கிக்கொண்டே போனது. அப்புறம், எதை முதலில் குறைப்பது என்பதை நெருக்கடி சொல்லாது. மூலப்பொருளுக்கு அதிக வரி, முடித்த சரக்குக்குக் குறைந்த வரி என்று வைத்தால் உள்ளூர்த் தொழிற்சாலை படுத்துவிடும். அந்த வரிசையைப் போட நிபுணர் வேண்டும்.

தென்றல்:
நிபுணர் என்றால் எந்த நிபுணர்? 1922இல், சுங்கவரிக் கொள்கையை ஆராய வெள்ளைக்கார அரசு அமைத்த இந்திய நிதி ஆணையம் இரண்டாகப் பிளந்தது. தலைவர் இப்ராகிம் ரகிம்துல்லாவே மாற்றுக்குறிப்பில் கையெழுத்திட்டார். உறுப்பினர்களில் நம் சேஷகிரி ஐயரும் தொழிலதிபர் பிர்லாவும் அவர் பக்கம். இறக்குமதி வரி போட்டு உள்நாட்டுத் தொழில்களுக்கு முழுப் பாதுகாப்பு கேட்டார்கள். பெரும்பான்மையோ தேர்ந்தெடுத்த தொழில்களுக்கு மட்டும் போதும் என்றது. வெள்ளைக்கார அரசு தனக்கு வாகான அதையே எடுத்துக்கொண்டது.

வடகரையான்:
தென்றல் சொல்வதைத்தான் நானும் சொல்ல வந்தேன்: நிபுணர் என்ன சொன்னாலும் அரசு தனக்கு வாகானதைத்தான் எடுத்துக்கொள்ளும். கணக்கன், 1994க்குப் பிறகும் வரி இறங்கியது என்பதை ஒத்துக்கொள்கிறேன், அது நல்ல கேள்வி. ஆனால் நுகர்பொருட்களை மறந்துவிட்டீர்கள். வரி எவ்வளவு குறைந்தாலும் அவற்றில் பெரும்பாலானவை உள்ளே வர முடியாதபடி அளவுக் கட்டுப்பாடு (எவ்வளவு இறக்குமதி செய்யலாம் என்ற வரம்பு) இருந்தது. கடைசித் தடைகள் 2001 ஏப்ரல் 1 அன்றுதான் நீங்கின. அதுவும் உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்கா போட்ட வழக்கில் நாம் தோற்ற பிறகு.