எத்திலீன் வாயு எப்படிக் கெட்டியான பாலிதீன் ஆகிறது?

பிளஸ்டூ_வேதனை:
பாலிமர் பாடத்தில் ஒரு இடம் இடிக்கிறது. எத்திலீன் வாயுவை ஆயிரக்கணக்கில் கோத்தால் கேரி பேக் என்கிறார்கள். பக்கத்து மூலக்கூறைப் பிடிக்க அதற்குக் கை ஏது? நைலானில் தண்ணீர் வெளியேறுகிறதாம், இதில் ஏன் இல்லை?

ஆய்வகப்பூனை:
அந்தக் கை இரண்டு கார்பனுக்கும் நடுவே உள்ள இரட்டைப் பிணைப்புதான். ஒரு தனி உறுப்பு (ஜோடியில்லாத எலக்ட்ரான் உள்ள துண்டு) வந்து மோதினால் அதில் ஒன்று திறந்து, ஒரு முனை ஒட்டிக்கொள்ளும், மறுமுனையில் ஜோடியில்லாத எலக்ட்ரான் நிற்கும், அது அடுத்த எத்திலீனைப் பிடிக்கும், இப்படியே ஓடும். இரண்டு வளரும் முனைகள் சந்தித்துச் சேர்ந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. எதுவும் கழலவில்லை, அதனால் தண்ணீரும் இல்லை.

சோதனைக்குழாய்:
நைலான் 66 வேறு கதை. அதில் இரண்டு வகை மூலக்கூறு சேர்கிறது: ஒன்றில் இரு முனையிலும் அமீன் (நைட்ரஜன் உள்ள தொகுதி), இன்னொன்றில் இரு முனையிலும் அமிலத் தொகுதி. இரண்டிலும் 6 கார்பன், பெயரும் அப்படி வந்ததே. அமீனும் அமிலமும் இணைந்து அமைடு பிணைப்பு உருவாகும் ஒவ்வொரு தடவையும் ஒரு நீர் மூலக்கூறு கழலும். ஆனால் லேபில் பீக்கரில் செய்து காட்டும்போது அமிலத்துக்குப் பதில் அமிலக் குளோரைடு போடுவார்கள், அப்போது வருவது ஹைட்ரஜன் குளோரைடு. அமீன் கரைசலும் அமிலக் குளோரைடு கரைசலும் இரண்டு அடுக்காக நிற்கும், அவை சேரும் இடத்தில் படியும் மெல்லிய படலத்தை இடுக்கியால் தூக்கினால் நூலாக வந்துகொண்டே இருக்கும், பார்க்க அருமை.

பழையபுத்தகம்:
சரி, ஒரு கிளைக்கதை. 1933-ல் இங்கிலாந்தில் ஐசிஐ என்ற ரசாயன நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஃபாசெட்டும் கிப்சனும் எத்திலீனை உயர் அழுத்தத்தில் பென்சால்டிஹைடோடு சேர்க்கப் பார்த்தார்கள், கிடைத்தது மெழுகு மாதிரி வெள்ளைப் பொருள், அதுதான் பாலிதீன். வினையைத் தொடங்கி வைத்தது தற்செயலாகக் கலந்திருந்த துளி ஆக்சிஜன்.