மறுமொழி: கெக் – பீப்பாயா, உந்துகுடமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

பீர், சோடா போன்றவற்றை வாயு அழுத்தத்தில் அடைத்துவைக்கும் உலோகக் குடம்தான் கெக் (keg). அதற்குத் தமிழில் பீப்பாய் என்றாலே போதும் என்று சேலத்து ஐயா எழுதியிருந்தார். எனக்கு ஒட்டவில்லை. பீப்பாய் என்றதும் மரப்பலகையும் இரும்புப் பட்டையும்தான் கண்ணில் வருகின்றன. தவிர, பீப்பாயின் மேல்துளையையும் அடிக்குழாயையும் திறந்துவிட்டால் பானம் தன் எடையிலேயே வடியும். கெக்கில் எதுவும் தானாக வராது. மேலே இரண்டு முனைகள். வாயு போகும் முனையின் குழாய் விரல் நீளம்கூட இருக்காது. மற்றதன் குழாய் அடிவரை இறங்கும். கரியமில வாயு மேலிருந்து அழுத்த, பானம் அடியிலிருந்து ஏறி வருகிறது. இந்தத் தள்ளுதல் சொல்லுக்குள் வரவேண்டும்.

முதலில் ‘உந்துகலம்’ என்றுதான் வைத்தேன். “எப்போப்பா ஏவுறீங்க?” என்றாள் மகள். விண்கலம் செய்த வேலை! ஆகவே உந்துகுடம். ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. நடுவில் ‘க்’ போட்டுவிடாதீர்கள்.

இந்தச் சொல் யாருக்கு என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் மச்சான் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறார். 1978-இல் வந்த கூட்டரசுச் சட்டம் அங்கே அதற்கு வழிவிட்டது. இங்கே மதுவிலக்குச் சட்டம் இருப்பதால் ஏற்காட்டில் என் குடத்தில் இஞ்சி எலுமிச்சை சோடாதான். சாமான் என்னவோ ஒன்றே. புதிதாகத் தொடங்கும் நண்பர்களுக்கு அவர் தமிழில் குறிப்பு எழுதுகிறார். குளிர்பான சிரப் வந்த பழைய 19 லிட்டர் எவர்சில்வர் குடத்தை வாங்கி, வாஷர்களை மட்டும் புதிதாக மாற்று. பானம் பிடிக்க, பித்தளைத் திருகுகுழாய்க்குப் பதில் கையில் பிடிக்கும் பிளாஸ்டிக் குழாய். குளிர்விக்கப் பழைய ஃப்ரிட்ஜ். சிலிண்டரிலிருந்து வரும் வாயுவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்கிறார். அதற்கு ‘அழுத்தச் சீராக்கி’ சரி. சிலிண்டர் சிலிண்டராகவே இருக்கட்டும்.

பானத்தில் கரியமில வாயுவைக் கரைப்பதற்கு (carbonation) வந்த ‘காற்றேற்றம்’ என்ற பரிந்துரையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பீருக்குக் காற்றுதான் எதிரி. ஆக்சிஜன் பட்டால் நாளடைவில் ஈர அட்டை வாசம் வரும். மூடியதும் வாயுவை விட்டு, வால்வை நாலைந்து முறை திறந்து மூடுவதே உள்ளிருக்கும் காற்றை விரட்டத்தான். ‘கரியேற்றம்’ என்றால் அடுப்புக்கரி ஞாபகம். ‘வாயுவேற்றம்’ என் ஓட்டு.

அப்புறம் ஒரு சிக்கல். 4 டிகிரி குளிரில் வாயு அழுத்தத்தை 12 பிஎஸ்ஐ (psi, அழுத்த அலகு) வைத்து ஒரு வாரம் விடு என்பது மச்சான் கணக்கு. அவர் இருப்பது கடலோரம். ரெகுலேட்டரில் உள்ள அழுத்தமானி காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே அழுத்தம் எவ்வளவு அதிகம் என்பதை மட்டுமே. ஏற்காடு இருக்கும் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு. ஆகவே அதே அளவு வாயு கரைய இங்கே 2 பிஎஸ்ஐ கூட்டி வைக்கவேண்டும். இது புரியாத காலத்தில் சேலத்திலேயே வாயுவேற்றி, 20 கொண்டை ஊசி வளைவிலும் குலுங்கக் குலுங்கக் கொண்டுவந்து, வந்த சூட்டோடு திறந்தேன். டம்ளரில் நுரை, சட்டையில் சோடா. குலுக்கலும் சூடும் சேர்ந்து செய்த கூத்து. ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்து, 3 மீட்டர் ஒல்லிக் குழாய் வழியாக விட்டதும் ஒழுங்காக வந்தது.

மானி காட்டும் இந்த ‘கேஜ் பிரஷர்’ என்பதற்குச் சொல் வேண்டும். ‘மானியழுத்தம்’ என்றால் அரசாங்கம் மானியம் கொடுப்பதுபோல் இருக்கிறது. யாராவது சொல்லுங்களேன்.